குளிர்காலம் முழுக்க டிரெய்லர் பேட்டரி: கழற்றுவதா, சார்ஜரில் விடுவதா, சோலாரை நம்புவதா?

ஏப்ரல் கடைசி வாரம். குளிர்காலம் முழுக்க யார்டில் (வாடகைக்கு நிறுத்தும் இடத்தில்) நின்ற டிராவல் டிரெய்லரின், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் முகாம் வீட்டின், முன்பக்கம் போய், இழுவைச் சட்டத்தின் மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியின் பட்டையை அவிழ்த்து மூடியைத் தூக்கினேன். உள்ளே பேட்டரியின் இரண்டு நீளப் பக்கங்களும் வயிறு உப்பினதுபோல வெளியே தள்ளியிருந்தன. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் நடுவில் கிழிந்திருந்தது. ஒரு மூலையில் முடியளவு விரிசல், அதைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த தடம். மல்டிமீட்டரை வைத்தால் 3 வோல்ட்தான் காட்டியது. உள்ளே இருந்த அமிலத் தண்ணீர் ஜனவரியில் எப்போதோ உறைந்து விரிந்து ஓட்டைப் பிளந்திருக்கிறது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத பேட்டரி.

இத்தனைக்கும் டிரெய்லரை விட்டு வரும்போது, பேட்டரியை மற்ற ஒயரிங்கிலிருந்து துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வந்தேன். அணைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புரொப்பேன் கசிவைக் காட்டும் டிடெக்டரும் பிரேக்அவே சுவிட்சும் அந்த சுவிட்சுக்கு முன்னாலேயே நேரடியாக பேட்டரியில் கட்டப்பட்டிருந்தன. பிரேக்அவே அப்படித்தான் இருக்க வேண்டும். ஓடும்போது டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் எடுத்து பிரேக் பிடிக்கும் சாதனம் அது. அதில் செருகியிருக்கும் பின் (ஊசி) உருவப்படாதவரை ஒன்றும் எடுக்காது. குடித்துத் தீர்த்தது டிடெக்டர்தான்.

இந்த டிடெக்டர்கள் பொதுவாக 60 முதல் 100 மில்லிஆம்ப் வரை எடுக்கும். என்னுடையதை அளந்து பார்த்தேன், 70. ஒரு நாளைக்கு 1.7 ஆம்ப்-ஹவர். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 80 ஆம்ப்-ஹவர். நவம்பர் 1ஆம் தேதி விட்டுவந்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே காலி. கனடாவின் ஒன்டாரியோவில் அக்டோபர் நன்றி நாள் விடுமுறையோடு சீசன் முடிந்து, மே மாத விக்டோரியா நாளுக்குத்தான் பெரும்பாலானோர் டிரெய்லரை வெளியே எடுக்கிறோம். நடுவில் ஆறு மாதத்துக்கு மேல்.

என்னுடையது போன்ற லெட்-ஆசிட் (ஈயத் தட்டுகளும் அமிலமும் உள்ள) பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப் போகிறது. முழு சார்ஜில் இருக்கும்போது மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. பாதி சார்ஜில் ஏறக்குறைய மைனஸ் 27. காலியான பேட்டரியோ மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்துவிடும். டொரோண்டோ குளிர்காலத்தில் மைனஸ் 8 என்பது சாதாரண இரவு. உறையாமல் தப்பினாலும், வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தால் தட்டுகளில் லெட் சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அந்த வருடத்துக்குப் பிறகு இதற்கென்று சொல்லப்படும் எல்லா வழிகளையும் நானும் என்னோடு முகாமுக்கு வரும் நண்பர்களும் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில், செலவே இல்லாத இரண்டு வழிகள். ஒன்று, பேட்டரியை முழு சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அங்கேயே விட்டுவருவது. இன்னொன்று, பேட்டரியையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது. குளிரில் விட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரிக்குக் குளிர் நல்லது. தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறக்குறைய பாதியாகிறது. கேபிள் கழன்ற, முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி, பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தால் வசந்தத்தில் பெரும்பகுதி சார்ஜோடுதான் இருக்கும். அதே பேட்டரியை 20 டிகிரி சூட்டில் பேஸ்மென்ட்டில் வைத்தால் தண்ணீர் ஊற்றும் ரகம் மாதம் 5 சதவீதத்துக்கு மேல் இழக்கும். ஏஜிஎம் ரகம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கி மூடியது) அதைவிடக் குறைவாக இழக்கும். ஆக, மின்சாரக் கணக்கை மட்டும் பார்த்தால் அங்கேயே விடுவதுதான் மேல்.

ஆனாலும் யார்டில் நிறுத்துகிறவர்களுக்கு நான் கழற்றிக்கொண்டு வரத்தான் சொல்வேன். அங்கே விட்டால் பனிக்குள் போய் யாரும் வோல்ட் பார்ப்பதில்லை. ‘முழு சார்ஜ்’ என்று நினைத்து விட்டுவந்தது முழுதாக இல்லை என்றால் ஏப்ரல் வரை தெரியாது. இதில் ஏமாறுவது எளிது. சார்ஜரைக் கழற்றியதும் அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது மேலோட்டமான வோல்ட்டேஜ். ஒரு ராத்திரி சும்மா விட்டுக் காலையில் அளக்க வேண்டும். 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகம். ஆறு அறையிலும் 1.265 அல்லது அதற்குச் சற்று மேல் காட்ட வேண்டும். ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரியை நம்பி குளிர்காலத்துக்குள் போகாதீர்கள். பேட்டரி திருட்டும் இருக்கிறது. யார்டில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களின் முன்பக்கப் பெட்டிகளைத் திறக்க ஒரு நிமிடம் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவருவதில் சிரமம் எடைதான். குரூப் 27 அளவு பேட்டரி 25 கிலோவை ஒட்டி வரும். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் என்று கழற்றி, தூக்குவதற்கென்றே விற்கும் பட்டையை மாட்டி, சாய்க்காமல் தூக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் கேபிள்களைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; வசந்தத்தில் எந்த ஒயர் எங்கே என்று தடுமாற வேண்டியதில்லை. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். ரப்பர் ஓடும் மர ஓடும் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். இன்றைய பிளாஸ்டிக் ஓட்டுக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. நான் சூடாக்காத கராஜில் மர அலமாரியில் வைக்கிறேன். அங்கே குளிர் இருக்கிறது, சார்ஜ் மெல்ல இறங்குகிறது. சார்ஜ் போடும்போது வரும் ஹைட்ரஜன் ஃபர்னஸ் பக்கமோ வாட்டர் ஹீட்டர் பக்கமோ போகவும் வாய்ப்பில்லை. மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து, 12.5க்குக் கீழே போனால் ஒரு ராத்திரி சார்ஜில் போடுகிறேன். குளிர்காலத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதில்லை.

வீட்டு டிரைவ்வேயிலேயே டிரெய்லரை நிறுத்துகிறவர்களுக்கு, கரண்ட் பக்கத்திலேயே இருப்பதால் வேறு இரண்டு வழிகள் திறக்கின்றன. டிரெய்லரின் பிளக்கை அப்படியே வீட்டு மின்சாரத்தில் செருகி, உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரைச் சார்ஜ் செய்ய விடலாம். அல்லது அதை விட்டுவிட்டு ஒரு சின்ன மெயின்டெய்னரை (நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கும் சார்ஜரை) பேட்டரியில் நேரடியாக மாட்டலாம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, மெயின்டெய்னர்தான்.

கன்வெர்ட்டர் டிரெய்லருக்கே 12 வோல்ட் கொடுக்கச் செய்தது, பேட்டரியைப் பார்த்துக்கொள்வது அதன் உபதொழில். பழைய ரகங்கள் நாள் முழுக்க 13.6, 13.8 என்று ஒரே வோல்ட்டேஜில் நிற்கும். மாதக்கணக்கில் அப்படி விட்டால் தண்ணீர் வற்றித் தட்டு வெளியே தெரியும். நம் ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த கதை, அதே வேதியியல்தான். புதிய ரகங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. புரோகிரசிவ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் கன்வெர்ட்டர்களில், வோல்ட்டேஜைத் தானே மாற்றும் ‘சார்ஜ் விசார்ட்’ வசதி உள்ளவை 14.4இல் ஏற்றி, 13.6க்கு இறங்கி, கடைசியில் 13.2இல் நிற்கும். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிய மூன்று நாள் செருகி விட்டு, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.2 பக்கத்தில் இருந்தால் சரி. இன்னும் 13.7இல் நின்றால் அதை நம்பி ஆறு மாதம் விட வேண்டாம்.

மெயின்டெய்னர் முக்கால் ஆம்ப், ஒரு ஆம்ப் அளவில்தான் கொடுக்கும். பேட்டரி டெண்டர் ஜூனியர் 0.75 ஆம்ப், நோகோ ஜீனியஸ் 1 என்பது 1 ஆம்ப். ஏற்கெனவே நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்க அது தாராளம். காலியான பேட்டரியை இதில் மாட்டி நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள், நாள்கணக்கில் ஆகும். வாங்கும்போது குளிருக்கேற்ப வோல்ட்டேஜை உயர்த்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறக்குறைய 25, 30 மில்லிவோல்ட் கூடுதலாகத் தேவை. 25 டிகிரிக்குச் சரியான வோல்ட்டேஜ் மைனஸ் 15இல் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைச்சல். மலிவான ‘டிரிக்கிள்’ சார்ஜர்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பேட்டரி நிறைந்ததா என்று பார்க்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மெயின்டெய்னர் மாட்டினாலும் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, கிளிப்பை பேட்டரி முனையிலேயே மாட்டுங்கள். காரணம் சொல்கிறேன். வெளியே இருக்கும் பிளக்கில் ஈரம் பட்டால் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கர் இருக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரின் இணைப்பில் பனி உருகி ஈரம் இறங்கினால் அது டிரிப் ஆகிவிடும். வீட்டுக்குள் இருக்கும் நமக்குத் தெரியாது. ஒரு நண்பர் வீட்டில் ஜனவரியில் டிரிப் ஆனதை மார்ச்சில்தான் பார்த்தார். அவர் பேட்டரி தப்பியது, ஏனென்றால் கேபிள் கழன்றிருந்தது. டிடெக்டர் இணைப்பில் இருந்திருந்தால் என் கதைதான் அவர் கதையும்.

இனி சோலார். போன நவம்பரில் ஒரு தம்பி போன் செய்து, “அண்ணா, பத்து வாட் பேனல் ஒண்ணு வாங்கி மேலே வச்சுட்டா போதும்தானே? கழட்டுற வேலையே வேண்டாம்” என்று கேட்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டிடெக்டரைக் கழட்டிட்டியா?”

டிசம்பர் 21 நண்பகலில் டொரோண்டோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 23 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனலில் நேர் வெயிலின் ஐந்தில் இரண்டு பங்குதான் விழும், அதுவும் மேகம் இல்லாத நாளில். பத்து வாட் பேனல் உச்ச வெயிலிலேயே அரை ஆம்ப்தான் கொடுக்கும். டிசம்பர் நாள் ஒன்றில் அதிலிருந்து ஒரு ஆம்ப்-ஹவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். டிடெக்டர் குடிப்பதோ 1.7. மேலே பனி மூடிவிட்டால் சுத்தமாகப் பூஜ்யம். டிரெய்லருக்கு உறை போட்டு மூடுகிறவர்களின் கூரைப் பேனலுக்கும் இதே நிலைதான். அதே பேனலைத் தெற்குப் பார்த்துச் செங்குத்தாகக் கட்டினால் பனி தங்காது. தாழ்ந்த வெயில் ஏறக்குறைய நேராக விழும். சுமை எதுவும் இல்லாத பேட்டரிக்கு அது போதும். ஆனால் சுமையையே கழற்றிவிட்ட பிறகு, இந்தக் குளிரில் பேட்டரிக்குப் பேனலே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஒன்டாரியோவில் சோலாரை நான் கடைசியில் வைப்பது அதனால்தான்.

அரிசோனாவில் நிலைமை தலைகீழ். கனடாவிலிருந்து குளிர்காலத்துக்கு அங்கே போகிறவர்கள் டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டுக் கோடையில் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்குச் சீசன் இல்லாத காலம் கோடை. 40 டிகிரியில் பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும். கேபிளைக் கழற்றிவிட்டு மறந்துவிட முடியாது. வெயிலோ கொட்டிக் கிடக்கிறது. அங்கே கண்ட்ரோலரோடு (சார்ஜை அளவோடு கொடுக்கும் கருவியோடு) ஒரு பேனல்தான் என் முதல் தேர்வு. கண்ட்ரோலர் இல்லாமல் பெரிய பேனலை நேரே மாட்டினால் பேட்டரி கொதித்து வற்றிவிடும்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்யக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடுக்கும். நல்ல பேட்டரிகளில் உள்ளேயே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் அதைத் தடுத்துவிடும். எல்லாவற்றிலும் அந்த வசதி இல்லை. அதனால் கூரை சோலாரைக் குளிர்காலத்தில் துண்டித்துவிடுங்கள். முழுதாக நிரப்பாமல் பாதி சார்ஜில் விட்டால் போதும், மெயின்டெய்னரும் வேண்டாம். லெட்-ஆசிட்டில் பாதி எடைதான் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவருவதும் சுலபம்.

கழற்றிக்கொண்டு வருவதில் எனக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கோல்ஃப் வண்டிக்கான இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கட்டியிருப்பவர்கள். ஒவ்வொன்றும் 30 கிலோ பக்கம். வயதானவர்கள் அதைத் தூக்க வேண்டாம். ஹைட்ரோமீட்டரில் முழுதாக இருப்பதை உறுதி செய்து, கேபிளைக் கழற்றி, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு அங்கேயே விட்டுவிடலாம்.

வசந்தத்தில் மாட்டும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். முழுதாகச் சார்ஜ் செய்து, தண்ணீர் ஊற்றும் ரகம் என்றால் தட்டுகளுக்கு மேல் திரவம் நிற்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையை சோடா உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பாசிட்டிவை முதலில், நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். டிடெக்டரின் பச்சை விளக்கு எரிகிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். அப்புறம், வண்டியின் பிளக்கை மாட்டாமல், பிரேக்அவே பின்னை உருவிவிட்டு டிரெய்லரை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் உருளாமல் இறுகிப் பிடித்தால் பேட்டரி தன் வேலையைச் செய்கிறது. பின்னை உடனே திரும்பச் செருகிவிட்டுக் கிளம்பலாம்.