தனித்தளம் எங்கே வைப்பது: ஆயத்தத் தளம், கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ், விபிஎஸ்

மென்பொருள் துறையில் இருப்பவர் தன் பெயரில் ஓர் இணையதளம் வைக்க நான்கு வழிகள் பரவலாகப் பேசப்படுகின்றன. மீடியம், பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் போன்ற ஆயத்தத் தளம், கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் (இரண்டும் தளக் கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் சேவைகள்), மாத வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வரான விபிஎஸ். இவற்றை வேகம், விலை, அழகு என்று ஒப்பிடுவதே வழக்கம். அறிமுகப் பக்கமும் ஐம்பது கட்டுரைகளும் உள்ள தளத்துக்கு இந்த மூன்றிலும் பெரிய வேறுபாடு கிடையாது. அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டிய நாளில்தான் வேறுபாடு தெரியவரும். பழைய இணைப்புகள் உடையாமல், எழுதியது எதுவும் தொலையாமல், ஒரே மாலையில் வேறிடம் போக முடியுமா? இந்த அலசலின் அளவுகோல் அதுதான்.

முதலில் டொமைன்

எந்த வழியில் போனாலும் முகவரி உங்கள் பெயரில் பதிவான டொமைனாக (இணையப் பெயராக) இருக்க வேண்டும். 2020-ல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற டொமைன் கூகுளின் கையை விட்டுப் போனது. அதற்கு முன் பல ஆண்டுகளாக இந்தியாவில் பிளாகர் பதிவுகள் அந்த முகவரியில்தான் திறந்தன, அப்படியே பகிரவும்பட்டன. தமிழ் வலைப்பதிவுகளும் அதில் அடக்கம். எழுத்து பிளாக்ஸ்பாட்.காமில் பத்திரமாக இருந்தது. ஆனால் பிற தளங்களிலும் மடல்களிலும் கிடந்த .இன் இணைப்புகள் பயனற்றுப் போயின. சொந்த டொமைனை பிளாகரில் இணைத்திருந்தவர்களுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

.காம் டொமைனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் ஆகும். முதல் ஆண்டுத் தள்ளுபடியை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். கிளவுட்ஃபிளேரின் ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து தரும்) சேவை அடக்க விலைக்கே தருகிறது, ஆனால் நேம்சர்வரும் (பெயருக்கு உரிய தளம் எங்கே என்று சொல்லும் சர்வர்) அவர்களிடமே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. .டெவ், .ஆப் இரண்டும் எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்க வேண்டும் என்று சொல்லும் பிரௌசர்களின் எச்எஸ்டிஎஸ் பட்டியலில் மொத்தமாகவே இடம்பெற்றவை, ஆகவே இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் சரியாக இல்லாவிட்டால் ஒரு பக்கமும் திறக்காது. .ஐஓ என்பது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் நாட்டுக் குறியீடு. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தான பிறகு, நீண்ட காலத்துக்கான பெயரை அதில் வாங்கப் பரிந்துரைக்க மாட்டோம்.

.காம் பெயர் காலாவதியானால் ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்கலாம். பிறகு கூடுதல் கட்டணத்துடன் 30 நாள் மீட்புக் காலம், அதன்பின் 5 நாள் நீக்க நிலை. அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இந்தியாவில் பலர் சறுக்குவது தானியங்கிப் புதுப்பிப்பை நம்பித்தான். தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கி விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கடுமையானதால், வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராருக்குப் போக வேண்டிய பணம் பல கார்டுகளில் போகாமலே நின்றுவிடுகிறது. ஒரே தடவையில் 5 ஆண்டுக்குக் கட்டிவிடுங்கள், 10 ஆண்டு வரை அனுமதி உண்டு. இன்னொன்று: ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுபோகும், மீட்பதற்கான கடவுச்சொல் மடல் வந்து சேர வழியிருக்காது.

ஆயத்தத் தளங்கள்

பத்து நிமிடத்தில் எழுதத் தொடங்கலாம், பராமரிப்பு வேலை எதுவும் இல்லை. பிளாகரில் சொந்த டொமைனை இணைக்கக் காசு வாங்குவதில்லை. வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் அந்த வசதியே இல்லை. சப்ஸ்டாக்கில் ஒரே தடவையாக 50 டாலர்.

வெளியேறும்போதுதான் இவை சிக்கலாகின்றன. பிளாகரும் வேர்ட்பிரஸும் தரும் எக்ஸ்போர்ட் கோப்பில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றின் முகவரிகள் பழைய சர்வரையே சுட்டிக்கொண்டிருக்கும். புதிய தளம் சரியாகத் தெரிகிறது என்று நம்பிப் பழைய கணக்கை மூடினால் அன்றே எல்லாப் படங்களும் காணாமல் போகும். இறக்கிய கோப்பில் பழைய டொமைனின் பெயரைத் தேடி, ஒவ்வொரு படத்தையும் உள்ளூரில் சேமித்து முகவரியை மாற்றிய பிறகே மூட வேண்டும். எங்கள் பார்வையில், மீடியம், டெவ்.டு போன்ற இடங்கள் வாசகரை எட்டுவதற்கு நல்லவை, மூலப் பிரதி இருக்க வேண்டிய இடம் வேறு. முதலில் உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். பிறகு மீடியத்தின் இம்போர்ட் வசதி வழியாக அங்கே கொண்டுபோனால் கனோனிக்கல் இணைப்பு (மூலப் பிரதி எது என்று தேடுபொறிக்குச் சொல்வது) உங்கள் தளத்தை நோக்கித் தானாக அமையும். டெவ்.டுவில் அதற்கென்றே ஒரு புலம் இருக்கிறது. வெறுமனே வெட்டி ஒட்டினால், தேடல் முடிவில் உங்கள் கட்டுரைக்கு மேலே அந்தப் பெரிய தளத்தின் நகல்தான் வந்து நிற்கும்.

கிட்ஹப் பேஜஸா, கிளவுட்ஃபிளேர் பேஜஸா

பெரும்பாலானோருக்குத் தேர்வு இந்த இரண்டுக்குள்தான். இரண்டிலும் கட்டுரைகள் மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் களஞ்சியத்தில்) இருக்கும், ஹ்யூகோ அல்லது ஜெக்கில் என்ற கருவி அவற்றை எச்டிஎம்எல்லாக மாற்றும். முழு வரலாற்றுடன் மூலப் பிரதி உங்கள் கணினியில் இருப்பதால், எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற இரண்டு வழிகளையும்விட இதை மேலே வைக்கிறோம்.

கிட்ஹப் பேஜஸின் இலவசக் கணக்கில் ரெப்போ பொதுவில் திறந்திருக்க வேண்டும். பாதி எழுதிய வரைவுகளை எவரும் படிக்கலாம். தளத்தின் அளவு 1 ஜிபி வரை, மாதப் போக்குவரத்து 100 ஜிபி வரை. தனித்தளம் இந்த எல்லையைத் தொடுவது அரிது. கிளவுட்ஃபிளேர் பேஜஸ் தனிப்பட்ட ரெப்போவையும் இலவசமாக ஏற்கும். போக்குவரத்துக்கு வரம்பில்லை. மாதம் 500 பில்ட் (தளத்தை உருவாக்கும் ஓட்டம்), தளத்துக்கு 20,000 கோப்புகள், ஒரு கோப்பு 25 எம்பிக்குள் என்பவையே எல்லைகள். பேச்சின் வீடியோவையோ கனமான ஸ்லைடுகளையோ தளத்திலேயே வைக்க நினைப்பவர் அந்த 25 எம்பியில் முட்டிக்கொள்வார். ரெப்போவின் கிளை ஒவ்வொன்றுக்கும் தனி முன்னோட்ட முகவரி கிடைப்பது பெரிய வசதி. ஒன்றில் மட்டும் முன்கூட்டியே கவனம் வேண்டும்: தொடங்கும்போது கோப்புகளை நேரடியாகப் பதிவேற்றும் முறையைத் தேர்ந்தால், அதே புராஜெக்டைப் பிறகு கிட் இணைப்புக்கு மாற்ற முடியாது. புதிதாக ஒன்று தொடங்க வேண்டும். கிளவுட்ஃபிளேர் 2025 முதல் புதிய வசதிகளைத் தன் வொர்க்கர்ஸ் சேவையில்தான் சேர்த்து வருகிறது. பேஜஸ் தொடர்ந்து இயங்குகிறது. நிலைத்த கோப்புகள் மட்டுமே உள்ள தளம் என்பதால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உங்களுக்கு இழப்பில்லை.

டொமைன் இணைப்பில் இரண்டும் வேறுபடும். கிட்ஹப்பில் முதன்மை டொமைனுக்கு 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை நான்கு ஏ ரெக்கார்டுகள் (டொமைனுக்கு உரிய சர்வர் எண்ணைச் சொல்லும் பதிவுகள்; மூன்றாவது எண் மட்டும் 108, 109, 110, 111 என்று மாறும்), டபிள்யூடபிள்யூடபிள்யூ முகவரிக்கு உங்கள் கிட்ஹப்.ஐஓ பெயரைச் சுட்டும் சிநேம் என்ற ஒரு ரெக்கார்டு. இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் சேவை எங்கே இருந்தாலும் சரி. கிளவுட்ஃபிளேர் பேஜஸில் முதன்மை டொமைனை இணைக்க நேம்சர்வரையே அவர்களிடம் மாற்ற வேண்டும்.

கிட்ஹப் பக்கம் அடிக்கடி வரும் கோளாறுகள் மூன்று. கிளையிலிருந்து நேரடியாக வெளியிடும் முறையில், ரெப்போவில் உள்ள, சிநேம் என்றே பெயருள்ள சிறு கோப்பில்தான் உங்கள் டொமைன் பதிவாகியிருக்கும். வெளியிடும் கருவி கிளையை முழுதாக மேலெழுதினால் அந்தக் கோப்பு அழிந்து, ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் டொமைன் கழன்றுவிடும். ஹ்யூகோவில் அதை ஸ்டாட்டிக் ஃபோல்டருக்குள் வைத்தால் தீர்ந்தது. அடுத்தது, தளத்தை நீக்கிவிட்டு டிஎன்எஸ் ரெக்கார்டை அப்படியே விடுவது. உங்கள் டொமைனை வேறொருவர் தன் ரெப்போவில் இணைத்துக்கொண்டு, உங்கள் பெயரில் எதையும் வெளியிடலாம். கிட்ஹப் அமைப்புகளில் டொமைன் சரிபார்ப்பு என்ற பகுதி தரும் டிஎக்ஸ்டி ரெக்கார்டை (உரிமையைக் காட்டும் எழுத்துப் பதிவை) டிஎன்எஸ்ஸில் சேர்ப்பது இதைத் தடுக்கும். இணைத்த முதல் நாளே செய்துவிடுங்கள்.

மூன்றாவது கோளாறு இரண்டையும் கலப்பதால் வருவது. டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில், தளம் கிட்ஹப்பில் என்று வைத்து, ரெக்கார்டுக்கு எதிரே உள்ள மேகக் குறியை ஆரஞ்சு நிறத்தில் (போக்குவரத்து கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகும் நிலையில்) விட்டால் கிட்ஹப்பால் சான்றிதழ் வாங்க முடியாமல் போகலாம். எஸ்எஸ்எல் முறை ஃபிளெக்ஸிபிள் என்றிருந்தால், கிளவுட்ஃபிளேர் எச்டிடிபியில் கேட்க, கிட்ஹப் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்ப, பக்கம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேகத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுங்கள், சான்றிதழ் வரட்டும் (ஒரு நாள் வரை ஆகலாம்). பிறகு வேண்டுமானால் முறையை ஃபுல் என்று வைத்து மீண்டும் ஆரஞ்சுக்குப் போகலாம்.

இந்தியாவிலிருந்து வெளியிடுவோரைக் குழப்பும் ஒன்று இரண்டு இடத்திலும் உண்டு. கட்டுரையின் தேதியில் காலை 10 மணி என்று நேர மண்டலம் இல்லாமல் எழுதினால் ஹ்யூகோ அதை யுடிசியாக (உலகப் பொது நேரமாக) எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அது பிற்பகல் 3.30. எதிர்காலத் தேதி என்று நினைத்துக் கட்டுரையை விட்டுவிடும், பில்ட் மட்டும் வெற்றி என்றே காட்டும். மாலையில் அது தானாக வரவும் வராது, இன்னொரு பில்ட் ஓட வேண்டும். தேதியின் முடிவில் +05:30 சேருங்கள், அல்லது அமைப்புக் கோப்பில் ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் குறியுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் முகவரியையும் கவனிக்க வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-ல் 3 பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் 3 எழுத்தாக விரிவதால், ஒரு குறியீடு 9 எழுத்தாகிறது. பத்துக் குறியீடுள்ள தலைப்பு 90 எழுத்தாக நீண்டு மடலில் உடைந்துபோகும். கட்டுரையின் ஸ்லக்கை (முகவரியின் கடைசிப் பகுதியை) ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கையால் கொடுப்பது நல்லது.

விபிஎஸ்

மாதம் 4 முதல் 6 டாலருக்கு 512 எம்பி அல்லது 1 ஜிபி நினைவகத்துடன் சர்வர் கிடைக்கும். நிலைத்த தளத்துக்கு அதுவே மிகை. சர்வர் பராமரிப்பே உங்கள் தொழில் என்றாலோ, தளத்தோடு சேர்த்துச் சொந்தமாக ஒரு ஏபிஐ (பிற நிரல்களுக்குப் பதில் தரும் சேவை) ஓட வேண்டும் என்றாலோ இதை எடுங்கள். கட்டுரை எழுத மட்டும் என்றால் வேண்டாம். கடவுச்சொல் உள்நுழைவை நிறுத்துவது, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவ வைப்பது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உபுண்டு இயங்குதளத்தின் பதிப்பை மாற்றுவது எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும்.

இங்கே தளம் விழுவது பெரும்பாலும் சான்றிதழால். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதியை நினைவூட்டும் மடல்களை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஃபயர்வாலில் எச்டிடிபிக்கான 80-ம் போர்ட்டை அடைத்திருந்தால், சான்றிதழுக்கான சோதனை அந்த வழியாக நடக்கும் அமைப்பில் புதுப்பிப்பு தோற்கும். புதுப்பித்தும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை ரீலோடு செய்யாவிட்டால் பழைய சான்றிதழே போய்க்கொண்டிருக்கும். லாக் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பினாலும் இதே கதி. 2029 மார்ச் 15 முதல் எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று முடிவாகியிருப்பதால் கையால் புதுப்பிப்பது நடக்காத காரியம். என்ஜின்எக்ஸும் சான்றிதழ் வாங்கும் செர்ட்பாட்டும் தனித்தனியாக வைப்பதைவிட, இரண்டு வேலையையும் தானே பார்க்கும் கேடி சர்வர் பாதுகாப்பானது.

மின்னஞ்சலும் அடையாளமும்

சொந்த டொமைனில் மின்னஞ்சல் வேண்டும், ஆனால் அதை விபிஎஸ்ஸில் ஓட்டாதீர்கள். பல நிறுவனங்கள் மடல் அனுப்பும் 25-ம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. கடிதம் வாங்க மட்டும் என்றால் கிளவுட்ஃபிளேரின் இலவச ஃபார்வர்டிங் போதும். அந்த முகவரியிலிருந்து பதில் எழுதவும் வேண்டுமென்றால் மடல் அனுப்பவும் உதவும் மின்னஞ்சல் பெட்டி தேவை. டொமைனின் பெயரில் யார் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு சேவைக்கு இரண்டு ரெக்கார்டு போட்டால் இரண்டுமே செல்லாது. அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினாலும் தோல்விதான். டொமைனிலிருந்து மடலே அனுப்புவதில்லை என்றால், யாருக்கும் அனுமதி இல்லை என்ற எஸ்பிஎஃப் ரெக்கார்டையும் சரிபார்ப்பில் தோற்ற மடலை ஏற்க வேண்டாம் (ரிஜெக்ட்) என்ற டிமார்க் ரெக்கார்டையும் போட்டு வையுங்கள். உங்கள் பெயரில் வரும் மோசடி மடல்களைப் பெரும்பாலான சேவைகள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

சமூகத் தளங்களில் ப்ளூஸ்கை, மாஸ்டோடன் இரண்டும் டொமைனை மதிக்கின்றன. ப்ளூஸ்கையில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு சேர்த்தால் டொமைனே உங்கள் பெயராகும். மாஸ்டோடனில், உங்கள் தளத்திலிருந்து சுயவிவரத்துக்குப் போகும் இணைப்பில் இது என் பக்கம் என்று காட்டும் ரெல்-மீ பண்பைச் சேர்த்தால் பச்சை அடையாளம் வரும். லிங்க்ட்இன்னில் வேலை தருவோர் தேடுகிறார்கள், அங்கே இருங்கள். ஆனால் உள்நுழையாதவருக்குப் பாதிதான் தெரியும் என்பதால் விரிவான எழுத்தைத் தளத்தில் வைத்து இணைப்பைக் கொடுங்கள்.

வெளியிடும் முன் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். கிட் கமிட்டுகளில் (மாற்றத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவிலும்) உங்கள் சொந்த மின்னஞ்சல் பதிவாகி, ரெப்போவோடு பொதுவில் போகும். கிட்ஹப் தரும் நோரிப்ளை முகவரியை முதல் கமிட்டுக்கு முன்பே அமைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமின் பொதுப் பிரதியில் தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் வேண்டாம், படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில் ஜிபிஎஸ் இடம் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இடம் மாறும்போது

முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (பதிவு பிற சர்வர்களின் நினைவில் இருக்கும் காலத்தை) 300 விநாடிக்குக் குறைத்து, புதிய இடத்தின் தற்காலிக முகவரியில் எல்லாப் பக்கங்களையும் திறந்து பாருங்கள். பலர் மறப்பது, புதிய கட்டுரைகளைச் சந்தாதாரரின் வாசிப்பானுக்குக் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் ஓடையை. ஜெக்கிலில் அது ஃபீட்.எக்ஸ்எம்எல், ஹ்யூகோவில் இண்டெக்ஸ்.எக்ஸ்எம்எல். பெயர் மாறினால் சந்தாதாரருக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் கட்டுரைகள் வருவது நின்றுவிடும். கிளவுட்ஃபிளேர் பேஜஸில் ரீடைரெக்ட்ஸ் கோப்பில் ஒரே வரியில் பழைய முகவரியைத் திருப்பலாம். கிட்ஹப் பேஜஸில் சர்வர் நிலைத் திருப்பல் கிடையாது. எச்டிஎம்எல் பக்கம் வழியாகத் திருப்புவது மனிதர்களுக்குச் சரி, ஓடை வாசிப்பான்களுக்குப் பயன்படாது. அங்கே ஹ்யூகோவின் அவுட்புட் அமைப்பில் ஓடையின் கோப்புப் பெயரையே ஃபீட் என்று மாற்ற வேண்டும். ஒவ்வொரு பதிவின் ஜியுஐடியும் (தனி அடையாளக் குறியும்) பழையபடியே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பழைய கட்டுரைகள் எல்லாம் புதியவை போல வாசிப்பான்களில் கொட்டும். ஒரு வாரம் பழைய இடத்தையும் இயங்கவிட்டு, அங்கே வருகை நின்ற பிறகு அதன் டிஎன்எஸ் ரெக்கார்டுகளில் மிச்சம் இருப்பதை நீக்குங்கள், கணக்கை அதன்பின் மூடலாம்.