ஒயிட் சிமென்ட் பட்டி: கும்பகோணத்துப் பழைய சுவரில் எப்படி நிற்கிறது?

வாங்கியது ஒயிட் சிமென்ட் பட்டிப் பவுடர் (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசுவது), 40 கிலோ மூட்டை ஒன்று. பூசியது கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில், பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. செங்கல் சுவர். அப்பா காலத்துச் சுண்ணாம்பு, அதன்மேல் இரண்டு கலர் டிஸ்டெம்பர். இப்போது எமல்ஷன் அடிக்க வேண்டும்.

பிர்லா ஒயிட், ஜே.கே. என்று எதைக் கேட்டாலும் எங்கள் கடைத்தெருவில் கிடைக்கிறது. எந்த பிராண்ட் என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. எந்தச் சுவருக்கு எந்த வகைப் பட்டி என்பதில் உண்டு.

கடைக்காரர் முதலில் காட்டியது வாளியில் வரும் அக்ரிலிக் பட்டி. திறந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும், தேய்ப்பதும் சுலபம். ஆனால் ஈரம் பட்டால் ஊறிப் பொரிந்துவிடும். எங்கள் அறையிலோ ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறும். அதனால்தான் ஒயிட் சிமென்ட். ஈரத்தைத் தாங்கும், விலையும் மூட்டை ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான். ஆனால் ஓதத்தையே இது நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே அடைக்காமல் எந்தப் பட்டி பூசினாலும் உதிரும். எங்கள் வீட்டில் பின்பக்க மழைநீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. முதல் செலவு அதற்குத்தான்.

மூட்டை வந்த அன்றே பூச ஆரம்பிக்கலாமே என்று கேட்டேன். மேஸ்திரி உள்ளங்கையைச் சுவரில் ஒரு தேய் தேய்த்து என்னிடம் காட்டினார். மாவு மாதிரி ஒட்டியிருந்தது. “டீச்சரம்மா, பட்டி சுண்ணாம்பைப் பிடிச்சுக்கும். சுண்ணாம்பு எதைப் பிடிச்சுக்கும்?” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தகட்டால் சுரண்டினார்கள். ரோஜா நிறம் போனது, அதற்கடியில் மாம்பழ மஞ்சள், அதற்கும் அடியில் நீலம் போட்டு அடித்த வெள்ளை. செங்கல்மேல் இருக்கும் பூச்சு தெரியும்வரை விடவில்லை. உப்புப் பூத்த அடிப்பக்கத்தை மட்டும் தண்ணீர் காட்டாமல், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தார்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். தட்டினால் பொத்தென்று சத்தம் வந்த இடமெல்லாம் உடைத்துப் புதுப் பூச்சு. அது காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டோம். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வேர்த்திருந்தது. காத்திருந்தோம்.

ஜன்னல் கதவின் பழைய எண்ணெய்ப் பெயிண்டை மட்டும் தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுப் பெயிண்டில் நச்சான ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல்தான் வந்தது, அமலானது 2017 நவம்பரில். அதற்கு முந்திய பெயிண்டில் எவ்வளவு இருக்கிறதோ யார் கண்டது! அதனால் தண்ணீர் போட்டு வாட்டர் பேப்பரில்தான் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தார்கள். பேத்தியை அந்தப் பக்கமே விடவில்லை.

இனி பட்டி. தூளின் எடையில் முப்பத்தாறிலிருந்து நாற்பது சதவீதம் தண்ணீர். கட்டியில்லாமல் கலந்து, பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுதான் கலக்கலாம். இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டு இளக்கினால் பிடிப்பு போய்விடும். பூசுவதற்கு முன் சுவரை நனைக்கிறார்கள், இல்லாவிட்டால் காய்ந்த பூச்சு பட்டியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். தகட்டைக் கீழிருந்து மேலே இழுக்கிறார்கள். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எலெக்ட்ரீஷியன் வெட்டிய பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பும் ஆட்கள் உண்டு, அது கண்டிப்பாக வெடிக்கும். பள்ளத்துக்குச் சிமென்ட் பூச்சுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டி காய்ந்த பிறகு நடந்தது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார் மேஸ்திரி. பகலில் சமமாகத் தெரிந்த சுவரில் தகடு இழுத்த கோடுகள், காலண்டர் ஆணி இருந்த குழி, எல்லாம் நிழலோடு எழும்பி நின்றன. பென்சிலால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மட்டும் தொட்டுவிட்டார். பிறகு உப்புத்தாள், 180-ம் நம்பரில் ஆரம்பித்து, அதைவிட நைசான 320-ல் முடித்தார்கள்.

ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைப்பது இந்தத் தேய்ப்புக்காகத்தான். தூசி என்றால் அப்படி ஒரு தூசி. சாமான்களை வெளியேற்றி, வாசலில் ஈரத்துணி தொங்கவிட்டும் சமையலறை டப்பா மூடியில் வெள்ளையாகப் படிந்தது. அக்ரிலிக் இந்த அளவுக்கு முரண்டு பிடிக்காது. முகக்கவசம் இல்லாமல் யாரையும் தேய்க்க விடாதீர்கள். வேலைக்காரப் பையன் போட மாட்டேன் என்றான், அதட்டித்தான் போட வைத்தேன். தூசியை ஒழுங்காகத் துடைத்தபின் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட்.

சுமார் நானூறு சதுர அடிக்கு மூட்டை போதுமானதாக இருந்தது, அடியில் கொஞ்சம் மிச்சம். போன மழைக்காலம் முழுக்கத் தாண்டியும் புதுப் பூச்சின் மேல் ஒரு பொருக்கு எழவில்லை. நான்கு நட்சத்திரம். ஓதம் தெரியாத மாடி அறை, ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவர் என்றால் மூட்டையே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, விரிசலுக்கு மட்டும் அரைக் கிலோ வாளிப் பட்டி வாங்கினால் ஆயிற்று. கூலி பேசும்போது சுரண்டுகிற கூலியைத் தனியாகப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் முதலில் வெட்டு விழுவது அந்த வேலையில்தான்.