கராஜுக்கு எந்த ஹீட்டர்: கேஸா, கரண்டா?

கேஸ் ஹீட்டர் சீக்கிரம் சூடேற்றும், மறுக்க முடியாது. ஆனால் புகைக்குழாய் இல்லாத வகை என்றால் எரிந்த வாயு முழுக்க உள்ளேயே தங்கும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்திருந்தாலும் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்னொரு தொல்லை ஈரம்: ஹீட்டரில் எரியும் கேஸான புரொப்பேன் 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். காலையில் ஸ்பேனரைத் தொட்டால் ஜில்லென்று நனைந்திருக்கும், அப்புறம் துருதான்.

மின் ஹீட்டரில் இந்த இரண்டும் இல்லை. கரண்ட் பில் ஏறும், சரி. 5 கிலோவாட் ஹீட்டருக்குத் தனி வயரிங், தனி பிரேக்கர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வம்பு. வாரம் ஒருநாள் ஸ்குரூ முடுக்குகிறவருக்கு இதுவே போதும் என்பேன். நாள் முழுக்க வேலை என்றால் கேஸ், அதுவும் புகையை வெளியேற்றும் குழாயோடு மட்டும்.

எதுவானாலும் உயரத்தில் மாட்டுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும்.