சேலத்தில் இரண்டு நாள் ஈஸ்ட் பயிற்சி: ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

சேலம் அஸ்தம்பட்டிப் பகுதியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் நடத்தும், செல்லின் உட்கருவும் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இசைந்து இயங்குவதைப் பற்றிய இரண்டு நாள் ஈஸ்ட் பயிற்சிக்கு, எங்கள் கல்லூரி முதுநிலை மாணவியர் ஏழு பேரை அழைத்துச் சென்றிருந்தேன். கட்டணம் ஆளுக்கு 1,800 ரூபாய். மதிய உணவு அதில் அடக்கம்.

லீ பஜாரில் வாங்கிய பேக்கரி ஈஸ்ட்டைக் கொண்டே பாடத்தைத் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. குளுக்கோஸ் மிகுந்திருக்கும் வரை, காற்று தாராளமாகக் கிடைத்தாலும் இந்தப் பூஞ்சை, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நொதித்தலையே நாடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்துக்கு வேண்டிய மரபணுக்கள் பெருமளவு அடங்கியே கிடக்கின்றன. குளுக்கோஸ் தீரும்போது ஸ்னஃப்1 என்னும் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) செயல்படத் தொடங்கி, மிக்1 என்னும் அடக்கும் புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்ற, மிக்1 உட்கருவை விட்டு வெளியேறுகிறது. அப்போது ஹேப்4 புரதத்தின் அளவு கூடி, ஹேப்2, ஹேப்3, ஹேப்5 ஆகியவற்றுடன் இணைந்து சுவாச மரபணுக்களின் படியெடுத்தலைத் தூண்டுகிறது. ஸ்னஃப்1-இன் உறவு நொதியான ஏ.எம்.பி.கே. நம் உடலிலும் உள்ளது என்று பயிற்சியாளர் சொன்னதும் மாணவியர் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

பயிற்சியின் உயிர்நாடி இரண்டாம் நாள் பிற்பகல்தான். முன்பே வளர்த்து வைத்திருந்த தட்டின் மீது சுவாசிக்கும் செல்களில் சிவப்பாக மாறும் டெட்ரசோலியம் கலந்த இளஞ்சூடான அகரை (கூழ் போல் உறையும் ஊடகத்தை) ஊற்றினார்கள். சிறிது நேரத்தில் காலனிகள் ஒவ்வொன்றாகச் சிவக்க, நடுவே சில சின்னஞ்சிறு காலனிகள் மட்டும் வெள்ளையாகவே நின்றன. சுவாசிக்க இயலாத இத்தகைய குறுங்காலனிகளைத்தான் 1949-இல் மரபியலாளர் போரிஸ் எஃப்ருசி குழுவினர் விவரித்தனர். ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. சுமார் 85,000 கார இணைகள் நீளமுடையது. அது எட்டுப் புரதங்களை மட்டுமே தருகிறது, மற்றவை உட்கருவிலிருந்து வர வேண்டும். இரண்டு மரபுத்தொகுதிகளும் ஏன் இசைந்து நடக்க வேண்டும் என்பதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்தத் தட்டு விளக்கிய அளவுக்கு என்னால் முடிந்ததில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். கிளிசராலை நொதிக்க இயலாது, கிளிசரால் தட்டில் ஈஸ்ட் சுவாசித்துத்தான் வளர முடியும் என்பதால் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும். மூன்று, நான்கு நாட்களாவது ஆகும். ஆனால் முதல் நாள் மாணவியர் கீற்றிய (ஈஸ்ட்டைக் கோடாகத் தேய்த்த) கிளிசரால் தட்டுகளைக் கொண்டுபோகவும் விடவில்லை, பின்னர் படம் அனுப்புவதாகச் சொன்னதையும் செய்யவில்லை. மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டால் அச்செய்தியை ஆர்.டி.ஜி. மரபணுக்களின் வழியே உட்கரு அறிந்துகொள்ளும் பின்னோக்குச் சமிக்ஞையும் ஒரே படத்தோடு முடிந்துவிட்டது. பாடத்தின் சரிபாதி அது, அரைநாளாவது ஒதுக்கியிருக்கலாம்.

பெற்று வந்த செய்முறைக் குறிப்பு மட்டும் பிழையின்றி இருந்தது. அதை வைத்தே, அதே ஈஸ்ட்டைக் கொண்டு, எங்கள் கல்லூரியில் 30 டிகிரி வெப்பத்தில் கிளிசரால் தட்டுகளை மீண்டும் வளர்த்தோம். நான்காம் நாள் காலை இயல்பான ஈஸ்ட்டின் கீற்று தடித்து வளர்ந்திருந்தது. குறுங்காலனியைக் கீற்றிய பாதி வெறும் அகராகவே இருந்தது.