ராமேஸ்வரத்தில் தில ஹோமம் பதிவு செய்யப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் ராமேஸ்வரம் போய் அப்பாவுக்காகத் தில ஹோமம் செய்துவிட்டு வந்தோம். செய்துவிட்டு வந்தோம் என்று எழுதவே மனசு ஒப்பவில்லை. பணம் போனதைக்கூட விடுங்கள், அப்பா பெயரையே அங்கே ஒழுங்காகச் சொல்லவில்லை. அமாவாசைக்காக இப்போது யாராவது பதிவு செய்துகொண்டிருப்பீர்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா விபத்தில் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை, அடிக்கடி அப்பா கனவில் வந்து வாசலிலேயே நிற்கிறார் என்பார். அகால மரணம் அடைந்தவர்களுக்கு எள் போட்டுச் செய்கிற ஹோமம் இது, ராமேஸ்வரத்தில் செய்தால் நல்லது என்று ஜோசியர் சொன்னதும் அம்மா அதையே பிடித்துக்கொண்டார். நான்தான் போனில் தேடினேன். முதலில் வந்தது விளம்பரம். பெரிய கோபுரப் படம், ராமநாதசுவாமி கோவில் பெயர், 'தேவஸ்தானம்' என்ற வார்த்தை, கீழே 'பூஜை பதிவு செய்ய' என்று ஒரு பட்டன். கோவிலே நடத்துகிற பக்கம் என்றுதான் நினைத்தேன். அழுத்தியதும் வாட்ஸ்அப்புக்குப் போனது, ஐந்து நிமிஷத்தில் ஒருவர் கூப்பிட்டார். "மேடம், நாங்க கோவில்லேர்ந்துதான் பேசறோம், கவலைப்படாதீங்க, எல்லாம் பேக்கேஜ்ல வந்துடும்" என்றார். ஹோமம், பிண்டம், 22 தீர்த்த ஸ்நானம், ஸ்பெஷல் தரிசனம், கோவிலில் அப்பா பெயரில் கங்கா அபிஷேகம், எல்லாம் சேர்த்து 12,500 ரூபாய், அதில் 5,000 அட்வான்ஸ். ஜிபேயில் அனுப்பும்போது திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கோவிலுக்குப் போகிற பணம் எப்படி ஒரு ஆள் பெயருக்குப் போகும் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. இறந்தவர் காரியத்தில் நோண்டி நோண்டிக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு பயம் நமக்கு உள்ளே இருக்கிறதே, அந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. தில ஹோமம் கோவிலுக்குள் நடப்பது இல்லை. வெளியே வாத்தியார்கள் வீட்டிலும் மடங்களிலும்தான் நடக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, பரம்பரையாக நன்றாகச் செய்துவைக்கிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் 'கோவில் தில ஹோமம்' என்று யாராவது விற்றால் அந்த முதல் வார்த்தையிலேயே பொய் ஆரம்பித்துவிடுகிறது.

காலை ஐந்தரைக்கு அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். அம்மா, நான், என் கணவர், தம்பி, நான்கு பேரும் ஈரத்துணியோடு போனோம். ஒரு பையன் வந்து சந்துக்குள் ஒரு வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான். தகரக் கூரை, நடுவில் ஒரே ஒரு குண்டம், சுற்றி ஏற்கெனவே ஆறு குடும்பம். எங்களுக்குத் தனி ஹோமம் என்று பேசியிருந்தார்கள். கேட்டதற்கு, "கூட்டமா செஞ்சா பலன் ஜாஸ்திம்மா" என்று பதில் வந்தது.

எங்களுக்குக் கோத்திரம் தெரியாது, சிவ கோத்திரம் என்று சொல்லச் சொன்னார்கள், சரி. சங்கல்பத்தின்போது வாத்தியார் கையில் இருந்த தாளைப் பார்த்துப் பெயர்களை ஓட்டமாக வாசித்துக்கொண்டே போனார். எங்கள் முறை வந்தபோது அவர் சொன்னது அப்பா பெயர் இல்லை, பக்கத்துக் குடும்பத்தில் இறந்துபோன யாரோ ஒரு பெரியவருடைய பெயர். தம்பி கையில் எள்ளும் தண்ணியும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அம்மா என் பக்கம் திரும்பி, "அது உங்கப்பா பேரு இல்லையேடி" என்றார், மெதுவாகத்தான் சொன்னார். நான் எழுந்து சொன்னேன். வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பகவானுக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த மாடியில் இன்னொன்றையும் பார்த்தேன். ஓரமாக ஒரு பையன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். குண்டத்தில் எரிகிற நெருப்பைக் காட்டி ஒரு பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வான், நிறுத்துவான், அப்புறம் அதே நெருப்பைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து வேறொரு பெயரைச் சொல்வான். நேரில் வர முடியாமல் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டினவர்களுக்காம். நான் பார்த்த அரை மணி நேரத்தில் எட்டு ஒன்பது பெயராவது சொல்லியிருப்பான். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஆன்லைனில் பூஜைக்குப் பதிவு செய்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், வீடியோ வந்தது என்பதால் உங்களுக்காக ஹோமம் நடந்தது என்று அர்த்தம் இல்லை.

அதன்பிறகு வரிசையாகப் பணம். வஸ்திர தானம், சொம்பு தானம் என்று 3,500. பேக்கேஜில் இல்லையா என்றால், "தானம் எப்படி பேக்கேஜ்ல வரும்" என்றார்கள். நாங்கள் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த வேஷ்டியின் ஓரத்தில் ஒரு குங்குமக் கறை இருந்தது, அதே கறையோடு அந்த வேஷ்டி அடுத்த குடும்பத்தின் தாம்பாளத்துக்குப் போனதை நானும் என் கணவரும் பார்த்தோம். அப்புறம் ஐந்து பேருக்குத் தலா 501 தட்சிணை. தீர்த்தமாட ஆளுக்கு 300, ஆக 1,200. அந்தப் பையன் கோவில் வாசலில் சீட்டு வாங்கியபோது பக்கத்தில் போய்ப் பார்த்தேன், சீட்டில் 25 ரூபாய் என்று அச்சடித்திருந்தது. நான்கு பேருக்கு நூறு ரூபாய்! எல்லாம் கூட்டிப் பார்த்தால் 19,705. ரசீது என்று தந்தது கோபுரப் படம் போட்ட ஒரு ரோஸ் தாள். நம்பர் இல்லை, முகவரி இல்லை, கையெழுத்தும் இல்லை.

கங்கா அபிஷேகம் எப்போது என்று கேட்டேன். "சாயந்திரம் நாங்களே செஞ்சு பிரசாதம் அனுப்பிடுவோம் மேடம்" என்றவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. மறுநாள் காலை ஸ்படிக லிங்க தரிசனம் முடித்து நேராகக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகப் பார்த்தார். அப்பா பெயரில் அபிஷேகத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. கோவிலில் நடக்கிற பூஜை என்றால் பணம் கட்டினதும் அச்சடித்த ரசீது உண்டு, அது இல்லை என்றால் பூஜையும் இல்லை என்றார். ராமநாதசுவாமி கோவில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது, கட்டணப் பூஜைகளை அந்தத் துறையின் இணையதளம் வழியாகவோ கோவில் கவுண்டரிலோ மட்டும் பாருங்கள். தேடலில் முதலில் வருவது காசு கொடுத்துப் போடுகிற விளம்பரமாக இருக்கலாம், முகவரியை ஒருமுறை முழுசாகப் படியுங்கள், அரசுத் தளமாக இருந்தால் அதில் 'கவ் டாட் இன்' (gov.in) என்று இருக்கும்.

வெளியே செய்கிற ஹோமம், தர்ப்பணம் என்றால் முடிந்தவரை ஊருக்குப் போய் இடத்தையும் ஆளையும் பார்த்தபிறகு பேசுங்கள். எத்தனை குடும்பம் சேர்ந்து உட்கார வேண்டும், தானப் பொருள் யாருடையது, தட்சிணை இதில் சேர்த்தியா, மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர யோசிக்கிறவரிடம் போகாதீர்கள். அட்வான்ஸ் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், பணம் போகும் முன் திரையில் வருகிற பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கிளம்புகிற அன்று அம்மா அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்துவிட்டார், எழுந்து வர மாட்டேன் என்கிறார். அங்கே தர்ப்பணம் செய்துவைத்துக்கொண்டிருந்த வயசான வாத்தியார் ஒருவர் என்னம்மா என்று கேட்டார். சொன்னோம். தம்பியை உட்காரவைத்து, அப்பா பெயரை மூன்று முறை கேட்டு, அவனையே வாயால் சொல்லவைத்து, நிதானமாகத் தர்ப்பணம் செய்துவைத்தார். எவ்வளவு தரட்டும் என்றதற்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்றார். 300 ரூபாய் கொடுத்தோம். அம்மா அன்றைக்கு ரயிலில் நன்றாகத் தூங்கினார்.

ஊருக்கு வந்து 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன், சைபர் கிரைம் தளத்திலும் பதிந்து, பணம் அனுப்பின விவரம், அந்த ரோஸ் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் படம் எடுத்து ஏற்றியிருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. அந்த விளம்பரம் நேற்று இரவுகூட வந்தது, வேறு பெயர், அதே கோபுரப் படம், கீழே அதே போன் நம்பர்.