கோத்தகிரி குளிரில் பாசி ஸ்க்ரப்பர்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொருள் வேலை செய்கிறது. கோவையில் ஒரு அக்ரிலிக் பட்டறையில் 6,800 ரூபாய் கொடுத்துச் செய்து வாங்கிய, மேலிருந்து தண்ணீர் வழியும் வகை பாசி ஸ்க்ரப்பர் இது, அதாவது உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் சேரும் கழிவுச் சத்தைப் பாசி வளர்த்து வெளியே எடுக்கிற பெட்டி. போன வருஷம் மழை பிடிப்பதற்கு முன்னால் மாட்டினேன். லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்று நின்ற நைட்ரேட் இப்போது 5-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் செய்தவர் வெயில் ஊரை மனதில் வைத்துச் செய்திருக்கிறார். மலையில் மாட்டினால் சில விஷயங்கள் தலைகீழாகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கோத்தகிரி பக்கத்து அரவேணுவில். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். வீட்டு முன்னறையில் 4 அடித் தொட்டி, அடியில் சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டி, இரண்டும் சேர்த்து சுமார் 250 லிட்டர் உப்புத் தண்ணீர். ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் என்று மீன்கள், அப்புறம் லெதர், மஷ்ரூம், சோவாந்தஸ் என்று மென்பவளங்கள். கல் பவளம் ஒன்றுகூடக் கிடையாது. அவை 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. "சின்னத் துண்டுதான் அண்ணே, யாருக்குத் தெரியப்போகுது" என்று நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை. மீன் எல்லாம் சென்னை கொளத்தூரிலிருந்து வருவது. மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் போய்ப் பெட்டியை எடுத்து வரவேண்டும். அதனாலேயே ஒரு மீன் செத்தால் இங்கே இரண்டு மடங்கு வருத்தம்.

எங்கள் வீட்டில் தீனி கொஞ்சம் தாராளம். நான் காலையில் உறைந்த மைசிஸ் (இறால் மாதிரிச் சின்ன உயிரி) ஒரு கட்டி போட்டால், சாயங்காலம் வீட்டுக்காரி இன்னொன்று போட்டிருப்பாள். "கண்ணாடிகிட்ட வந்து வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதுங்க, எப்படிங்க போடாம இருக்கிறது?" என்பாள். போட்ட தீனியெல்லாம் கடைசியில் தண்ணீரில்தான் தங்கும். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகி, பாறையில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். பெரும்பாலும் அதோடு சரி. பாஸ்பேட்டுக்கு அந்த வழியும் இல்லை, சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரை மாற்றிக் குறைக்கலாம்தான். ஆனால் 50 லிட்டர் மாற்ற ஏறக்குறைய 2 கிலோ உப்பு கரைக்க வேண்டும். கடல் பக்கத்து ஊர்க்காரர்கள் கேன் போட்டு மொண்டு வருகிறார்கள். நமக்கு உப்பு வாளி கூரியரில் வருகிறது, விலையில் பாதி ஏற்றுக்கூலி. இதற்கு நடுவில் பாறை மேலெல்லாம் பச்சை முடி மாதிரிப் பாசி படர ஆரம்பித்தது.

ஸ்க்ரப்பரின் யோசனை எளிமையானது. பாசி எப்படியும் வளரத்தான் போகிறது. அது பாறையில் வளர வேண்டாம், நாம் சொன்ன இடத்தில் வளரட்டும், வளர்ந்ததை அறுத்து வெளியே எறிவோம். பாசியோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போய்விடும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி பவளத்திட்டுப் பாசிகளைப் படித்துவிட்டு இதை உருவாக்கினார். 1982-இல் காப்புரிமை வாங்கினார். அரிசோனா பாலைவனத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு குட்டிப் பூமியைக் கட்டினார்களே, பயோஸ்ஃபியர் 2, அதற்குள் இருந்த கடலுக்கும் இந்த முறைதான். ஏடியின் அமைப்பில் தட்டின் மேல் ஒரு தொட்டில் வாளி நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து அலை அடிக்கும். இப்போதைய பெட்டிகளில் அதுவும் இல்லை. தண்ணீர் மேலிருந்து வழிகிறது, அவ்வளவுதான். அசைகிற பாகம் பம்புக்குள் இருக்கும் ஒன்றே ஒன்று. தினமும் ரோலர் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது எவ்வளவு நிம்மதி தெரியுமா!

இனி பெட்டி. சம்பின் விளிம்பில் உட்காரும் மாதிரி 6 மில்லிமீட்டர் அக்ரிலிக். உள்ளே 15 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள பிளாஸ்டிக் வலைத் தட்டி தொங்குகிறது. எம்பிராய்டரி போட விற்பார்களே, அந்தச் சதுரக் கண் வலை. தட்டியின் மேல் விளிம்பு ஒரு பிவிசி குழாயின் நீளக் கீறலுக்குள் செருகியிருக்கும். குழாயில் ஏறும் தண்ணீர் அந்தக் கீறல் வழியாகத் தட்டியின் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக வழியும். இரண்டு பக்கமும் 10 வாட் சிவப்பு எல்இடி, 660 நானோமீட்டர். தட்டி அகலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மணிக்கு 50 லிட்டர் தண்ணீர் என்பது இந்த வகையில் பழகியவர்கள் சொல்லும் கணக்கு. எனக்கு 800 லிட்டர் பம்ப் சரியாக இருக்கிறது. தட்டியின் அளவைத் தொட்டியின் லிட்டரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தீனியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தினம் ஒரு கட்டி உறைந்த தீனிக்கு, இருபக்கமும் வெளிச்சம் படும் தட்டியில் சுமார் 75 சதுர சென்டிமீட்டர். என்னுடையது 3 கட்டி தாங்கும். வீட்டுக்காரியின் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தேன்.

வலையை வாங்கிய கையோடு மாட்டக் கூடாது. ஹேக்ஸா பிளேடை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக, தொட்டால் முள்ளுத் தட்டுகிற அளவுக்குக் கீற வேண்டும். வழுவழுப்பாக விட்டால் பாசிக்குப் பிடிமானம் கிடைக்காது, கொஞ்சம் வளர்ந்ததும் மொத்தமாகக் கழன்று சம்பில் விழும். பட்டறையில் இருந்து வந்த வலை பெயருக்குக் கீறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க வாசலில் உட்கார்ந்து நானே கீறினேன்.

முதல் சில வாரம் பழுப்பாக ஒரு வழவழப்புத்தான் வரும். மனம் தளர வேண்டாம், அதைத் துடைத்துவிட்டால் அடுத்தது பச்சை. நல்ல பச்சை என்றால் எப்படி என்று சொல்கிறேன். தட்டியை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் வடிந்து, விரல் நீளத்துக்குத் தளதளவென்று தொங்கும். மோந்து பார்த்தால் கடற்கரை வாசம். உற்றுப் பார்த்தால் அதற்குள் தூசு மாதிரி வெள்ளைப் பூச்சிகள் ஓடும். கோப்பிபாட்கள் அவை, மீனுக்கு இலவச விருந்து. கறுப்பாகத் தார் போலப் படிந்தால் தண்ணீரில் சத்து அதிகம், வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். மஞ்சளாக ரப்பர் மாதிரி வந்தால் வெளிச்சம் அதிகம், சத்து போதவில்லை. டெஸ்ட் கிட்டை விட இந்த நிறத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். பாஸ்பேட் கிட்டின் நீலச் சாயலை எங்கள் ஊர் மூடுபனி வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரும் பாடு.

வாரம் ஒரு முறை அறுக்க வேண்டும். தட்டியைக் கழற்றி, குழாயடியில் வைத்து, கை விரலால் வழித்து எடுப்பேன். சுரண்டிச் சுத்தமாக்கிவிடக் கூடாது. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற மாதிரிதான், அடி நின்றால்தான் மறுபடி துளிர்க்கும். எடுப்பதைப் பிழிந்தால் ஒரு கைப்பிடி உருண்டை. நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி உப்பைப் போக்கிவிட்டு ப்ளம்ஸ் மரத்தடியில் போட்டுவிடுவேன். அறுக்காமல் தள்ளிப் போட்டால் வெளிப்பக்கம் அடர்ந்து, உள்பக்கம் வெளிச்சமும் தண்ணீரும் படாமல் அடிப்பாசி அழுகும். அழுகினால் எடுத்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே.

நைட்ரேட் மளமளவென்று இறங்கியது. பாஸ்பேட் அப்படி இல்லை. 0.3-இல் இருந்தது நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. காரணம் பாறை. மாதக்கணக்கில் உறிஞ்சி வைத்திருந்ததைத் தண்ணீரில் குறையக் குறைய வெளியே விட்டுக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்ததில் இப்போது 0.05 பக்கம் வந்திருக்கிறது. இதற்கும் கீழே போக நான் விரும்பவில்லை. இரண்டும் பூஜ்யத்துக்குப் போனால் டைனோஃபிளாஜலேட் என்ற பழுப்புச் சளி கிளம்பும், அதை விரட்டுவது பச்சைப் பாசியை விட நூறு மடங்கு தொல்லை. எண் கீழே போகிற மாதிரித் தெரிந்தால் ஸ்க்ரப்பர் விளக்கை இரண்டு மணி நேரம் குறைத்துவிடுவேன்.

இப்போது குளிருக்கு வருவோம். பட்டறைக்காரர் போனில் பெருமையாகச் சொன்னது இது: "கோயமுத்தூர்ல இது ப்ளஸ் பாயிண்டுங்கண்ணா. தண்ணி வழிய வழிய ஆவியாகும், சூடு எறங்கும், சில்லர் வேலை மிச்சம்." அவர் சொன்னது உண்மை. சமவெளியில் பவளத் தொட்டி வைப்பவர்களுக்கு, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரின் கரண்ட் பில்தான் பெரிய தலைவலி. ஆனால் நாங்கள் இருப்பது 1,800 மீட்டரை ஒட்டிய உயரத்தில். இங்கே சில்லரே கிடையாது, ஹீட்டர்தான். மார்கழியில் முன்னறை ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கும், தொட்டி 25-இல் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.7 யூனிட் கரண்டுக்குச் சமமான சூட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். வெதுவெதுப்பான தண்ணீர் குளிர்ந்த அறையில் படலமாக வழிந்தால் ஆவியாவதற்குக் கேட்கவா வேண்டும்? ஆவியானதற்கு ஈடாகத் தினம் ஊற்றும் நல்ல தண்ணீர் கூடியது, ஹீட்டர் எரியும் நேரமும் கூடியது. விளக்கும் பம்பும் சேர்ந்து மாதம் 20 யூனிட் பக்கம்தான் இழுக்கும். உண்மையான செலவு ஹீட்டர். இதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

ஆவி எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து, அடியில் கட்டையெல்லாம் நனைந்து, சுவர் மூலையில் கறுப்புப் பூசணம். வீட்டுக்காரி இதற்கு மட்டும் சும்மா இருக்கவில்லை. சம்பைச் சுற்றி தெர்மாகோல் ஒட்டி, ஸ்க்ரப்பர் பெட்டிக்கும் சம்புக்கும் சேர்த்து ஒரு அக்ரிலிக் மூடி போட்ட பிறகுதான் அடங்கியது. காற்றுக்கு விரல் அகலம் இடைவெளி விட்டிருக்கிறேன்.

மலைக்கு ஒரு லாபமும் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே அளவுக்குத் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் குறைவு. ராத்திரி மெயின் விளக்கு அணைந்த பின் தொட்டியில் எல்லாமே ஆக்ஸிஜனை இழுக்கும். ஸ்க்ரப்பர் விளக்கை நான் சாயங்காலம் 6 மணிக்குப் போட்டுக் காலை 10 மணிக்கு அணைக்கிறேன். ராத்திரி முழுக்க பாசி கார்பன் டை ஆக்ஸைடை எடுத்து ஆக்ஸிஜனை விடுகிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் பிஹெச் 7.8-க்கு இறங்கியிருக்கும், இப்போது 8-க்குக் கீழே போவதில்லை. ஜன்னல் எல்லாம் சாத்திய மலை வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கிறேன். விளக்கு ஒரு ராத்திரி எரியாவிட்டால் பாசிக்கு ஒன்றும் ஆகாது, தட்டி காய்ந்தால்தான் போச்சு.

இனி குறைகள். குழாயில் கீறல் ஒரே சீராக இல்லை. இடது கோடியில் அகலம் அதிகம், தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடி, வலது பக்கம் விரல்கடை அகலத்துக்கு மொட்டையாகக் கிடந்தது. வேறு குழாய் வாங்கி 3 மில்லிமீட்டர் கீறல் நானே போட்டேன். அடுத்தது, எல்இடி வெளிச்சம் கீறலின் மேலேயே விழுகிறது. வெளிச்சமும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் பாசி விடுமா? கீறலுக்குள்ளேயே வளர்ந்து அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சியது. குழாயைச் சுற்றி ஒரு கறுப்பு உறை இருந்தால் தீர்ந்தது. மூன்றாவது, விளக்குப் பலகையைப் பிடித்திருந்த திருகுகள் சாதாரண இரும்பு. உப்புச் சாரலில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து வழிந்தன. பட்டறைக்காரரிடம் போனில் சொன்னபோது, "ஏனுங்கண்ணா, மத்தவங்க யாரும் சொல்லலையே" என்றார். மத்தவர்கள் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சம்பில் ஏற்கெனவே இருக்கும் ஸ்கிம்மரை, அதாவது நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவியை, கழற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். நான் கழற்றவில்லை. கழிவு அழுகி நைட்ரேட் ஆவதற்கு முன்பே ஸ்கிம்மர் அதை நுரையாகத் தூக்கும், நைட்ரேட் ஆன பிறகு ஸ்க்ரப்பர் எடுக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. பாஸ்பேட்டுக்கு மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்த இரும்பு ஆக்ஸைடு மருந்தை நிறுத்திவிட்டேன், அது பெரிய மிச்சம். பாசியால் தண்ணீர் லேசாக மஞ்சள் தட்டும், சம்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கரி தொங்கவிட்டால் போதும்.

மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம், அறுக்க ஆள் வேண்டும். ஒரு ஜோடி மீன் மட்டும் வைத்து, அளந்து தீனி போடுகிறவர்களுக்கும் இது தேவையில்லை, பட்டினியில் தட்டி மஞ்சளாகத்தான் நிற்கும். மற்றவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே கறுப்பு உறை, நைலான் திருகு, மேல் மூடி, குழாயைக் கழற்ற ஒரு யூனியன் எல்லாம் கேட்டு வாங்குங்கள். மூடிக்கு என்னிடம் தனியாக 350 ரூபாய் வாங்கினார். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் சும்மாவே போட்டுத் தருவார்.