பயணிகளும் குடியிருப்போரும் ஒருசேர மதிக்கப்படும் ஒரு மெரினா

கணவன், மனைவி, மகள் ஆகிய மூவரும் தாமே நின்று நடத்தும் இந்த மெரினாவுக்கு, அதாவது படகுகளை நிறுத்திவைக்கும் துறைக்கு, நாங்கள் முதலில் பயணிகளாக வந்து பாய்மரப் படகை நிறுத்தினோம். பின்னர் படகிலேயே குடியிருப்போராகக் குளிர்காலம் முழுவதும் தங்கினோம். ஓரிரவு தங்கிச் செல்பவரை வரவேற்கும் மெரினாக்கள் பல உண்டு. படகையே வீடாகக் கொண்டவர் என்று தெரிந்தவுடன் அவற்றில் பலவற்றின் முகம் மாறிவிடும். இங்கே அந்த வேறுபாட்டை நாங்கள் ஒருநாளும் உணரவில்லை.

வரவேற்பு வானொலியிலேயே தொடங்குகிறது. படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் சேனலில் அழைத்தால், ஆபத்து அழைப்புகளுக்கும் உரிய அந்தச் சேனலை அடைத்துக்கொள்ளாமல் உடனே வேறொன்றுக்கு மாறச் சொல்லிவிட்டு, படகின் நீளம், அகலம், நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம் ஆகிய மூன்றையும் மகள் கேட்டுக்கொள்கிறார். காற்று எங்கிருந்து அடிக்கிறது, மோதலைத் தாங்கும் மெத்தைகளான ஃபெண்டர்களை எந்தப் பக்கம் தொங்கவிட வேண்டும் என்பதையும் கேட்காமலேயே சொல்கிறார். மிதவை மேடையில் காத்து நிற்கும் தந்தை முதலில் வாங்குவது படகின் நடுப்பகுதியிலிருந்து வரும் கயிற்றை. அதை மேடையிலுள்ள கட்டுமுளையில் ஒரு சுற்று மட்டும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார், இழுப்பதில்லை. படகின் வேகம் அந்தக் கயிற்றிலேயே அடங்கி, மேடைக்கு இணையாக வந்து ஒட்டுகிறது. உதவ வருபவர் படகின் முன்முனையான அணியத்துக் கயிற்றை ஆர்வத்தோடு இழுத்தால், பின்முனையான அமரம் வெளியே திரும்பிப் பக்கத்துப் படகில் போய் மோதும். வேறு இடங்களில் அதைப் பலமுறை பார்த்திருப்பதால், சுக்கான் பிடிப்பவரின் சொல்லுக்குக் காத்திருக்கும் இவருடைய நிதானத்தை மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் இந்த இடத்தின் உண்மையான தரம், கரையிலிருந்து படகுகளுக்குக் கேபிள் வழியே தரும் கரை மின்சாரத்தில்தான் தெரிகிறது. ஒவ்வொரு மின்தூணிலும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கிறது. எங்கள் கேபிளைச் செருகுமுன் மகள் அதை வாங்கிப் பார்த்தார். பிளக்கின் ஊசிகளில் ஒன்று லேசாகப் பழுப்பேறியிருந்தது. தளர்ந்த இணைப்பு சூடேறியதன் அடையாளம் அது என்றும், படகுகளில் தீ இப்படித்தான் தொடங்குகிறது என்றும் விளக்கி, புதிய பிளக் மாட்டும்வரை இணைப்புத் தர மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனெனில் ஒரு படகின் கோளாறு அந்தப் படகோடு நிற்பதில்லை. மின்கசிவு தண்ணீரில் இறங்கினால் அருகில் நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்கக்கூடும். உப்புநீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து அதிகம். மேலும், கரை மின்சாரத்தின் எர்த் கம்பி எல்லாப் படகுகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவதால், அந்த இணைப்பு வழியே மின்னோட்டம் பாய்வதைத் தடுக்கும் கருவி இல்லாத படகில், மற்ற உலோகப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்கத் தாம் கரையும் துத்தநாகக் கட்டிகளான ஆனோடுகள் விரைவில் கரைந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் குடியிருப்புப் படகுகளுக்கு இது பெரிய கவலை. குடியேறும் ஒவ்வொருவரிடமும் இந்தக் குடும்பத்தினர் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள்.

குடியிருப்போருக்கு மின்சாரக் கட்டணம் மீட்டர் காட்டும் அளவுக்கு மட்டுமே. தபாலைத் தாயார் வாங்கி வைத்துத் தருகிறார், சலவை இயந்திரங்கள் இரவிலும் இயங்குகின்றன. மேடையில் சைக்கிளோ பெட்டியோ வைக்கக் கூடாது என்ற விதி கடுமையாகத் தோன்றலாம். தீ பிடித்தால் ஓடித் தப்ப அந்தக் குறுகிய மேடையைத் தவிர வேறு வழியில்லை என்பதால் அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

குறைகளும் உண்டு. கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் பம்ப் எரிபொருள் மேடையில் மட்டுமே இருக்கிறது. ஓதம் வற்றும் நேரத்தில் அங்கே ஆழம் போதாததால், எங்களைப் போல் ஆழமான அடிப்பகுதி கொண்ட படகுகள் நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாரந்தோறும் தொட்டியைக் காலி செய்ய வேண்டிய குடியிருப்போருக்கு இது சிறிய தொல்லையன்று. மேடைகளில் தள்ளிச் செல்லக்கூடிய பம்ப் ஒன்றை வாங்கினால் இக்குறை தீரும் என்று குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பயணிகளுக்கு ஒதுக்கும் வெளி வரிசையில், கால்வாயில் விரைந்து செல்லும் விசைப்படகுகளின் அலை இரவிலும் வந்து மோதுகிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, பயணிகளுக்கும் நீண்ட நாள் தங்க விரும்புவோருக்கும் இந்த மெரினாவை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தூக்கம் மெல்லியதாக உள்ளவர்கள் வானொலியில் அழைக்கும்போதே உள்வரிசையில் இடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டை உடல் கொண்ட கேட்டமரன் படகில் வருபவர்கள், உள்மேடைகளுக்கு இடையிலான இடைவெளி குறைவு என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாளே அகலத்தைத் தெரிவித்து இடத்தை உறுதி செய்துகொள்வது நல்லது.